நொய்யலுக்காக நின்றவர்கள்: ஓர் ஆற்றைக் காப்பது என்ன வேலை?

உள்ளூர் ஆறு ஒன்றைக் காப்பதற்கென்றே வாழ்நாளைச் செலவிடுகிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள், அவர்களால் ஏதாவது மாறியிருக்கிறதா, உங்கள் ஊர் ஆற்றில் கழிவு கலக்கும்போது நீங்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பொதுப்படையாகப் பதில் சொன்னால் யாருக்கும் பயன்படாது. ஆகவே நொய்யல் ஆற்றின் கதையை எடுத்துக்கொள்கிறேன். நம் மாநிலத்தில் ஓர் ஆற்றுக்காக விவசாயிகள் நீண்ட காலம் வழக்காடி, ஒரு பெரிய ஏற்றுமதித் தொழிலையே மாற்றிக்கொள்ள வைத்த இடம் அது. அங்கே நடந்தது முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றைக் காப்பது என்ற வேலையில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு கதை எனக்குத் தெரியாது.

நொய்யல் மேற்குத் தொடர்ச்சி மலையில், வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து, கொடுமுடிக்குக் கீழே நொய்யல் என்ற பெயரே கொண்ட ஊரில் காவிரியில் கலக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். காஞ்சிமாநதி என்பது இதன் பழைய பெயர். பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் இதன் கரையில்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் இரு கரையும் தொட்டு ஓடிய ஆறு இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் வெள்ளம் வரும், மற்ற மாதங்களில் மெலிந்து கிடக்கும். அதனால்தான் முன்னோர்கள் ஆற்றின் குறுக்கே சிறு சிறு அணைக்கட்டுகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, வெள்ளத்தைக் குளங்களுக்குத் திருப்பினார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தொடங்கி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், சூலூர் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் அந்தச் சங்கிலிதான் கோவை வட்டாரத்தின் நிலத்தடி நீரைத் தாங்கிப் பிடித்தது. ஆற்றில் நீரோட்டம் குறைவு என்ற இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

திருப்பூரின் பனியன் தொழில் 1980களில் வேகமாக ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. பின்னலாடைக்கு வண்ணம் வேண்டும், வண்ணத்துக்குச் சாயப்பட்டறை வேண்டும், பட்டறைக்குத் தண்ணீர் வேண்டும். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் முறையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே ஆற்றைக் கெடுத்த முதன்மையான பொருள் பலரும் நினைப்பது போல நிறம் அன்று, உப்பு. இப்போது புழக்கத்தில் உள்ள சாயங்கள் தண்ணீரில் எளிதாகக் கரைகின்றன. அவற்றைத் தண்ணீரிலிருந்து நூலிழைக்குத் தள்ளுவதற்காகத் தொட்டியில் சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டுகிறார்கள். ஒரு கிலோ துணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு செல்லும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களுக்கு இன்னும் கூடுதலாகச் செல்லும். இந்த உப்பில் ஒரு துளிகூடத் துணியில் தங்குவதில்லை. சாயத்தை ஏற்றிவிட்டு அப்படியே கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுத் தெளிய வைத்தால் நிறம் குறையும், சேறு படியும், பார்வைக்குத் தண்ணீர் தெளிந்துவிடும். உப்பு மட்டும் அதிலேயே இருக்கும். பல ஆண்டுகள் "சுத்திகரித்துத்தான் விடுகிறோம்" என்று சொல்லப்பட்ட தண்ணீர் இந்த வகையைச் சேர்ந்தது.

வழக்குகள் நடந்த காலத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டர் அளவில் கழிவுநீரை வெளியேற்றி வந்தன. கோடைக்காலத்தில் சொந்தமாக நீரோட்டமே இல்லாத ஓர் ஆற்றில் இவ்வளவு கழிவு சேர்ந்தால், ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் கழிவாகத்தான் இருக்கும். கழிவுநீரில் கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு. சாயக்கழிவில் அது பல மடங்கு இருந்தது.

இதன் நடுவில் ஓர் அணை வந்து சேர்ந்தது. திருப்பூருக்குக் கீழே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட நீர்த்தேக்கம் 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்காக மக்கள் பணத்தில் கட்டிய அணை அது. ஆயக்கட்டின், அதாவது அந்த அணையால் பாசனம் பெற வேண்டிய நிலத்தின், பெரும்பகுதி கரூர் மாவட்டத்தில் இருந்தது. ஆனால் மழை வெள்ளத்தைத் தேக்க வேண்டிய இடத்தில் சாயக்கழிவு தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாக ஆவியாக, மிஞ்சிய உப்பின் அடர்த்தி கூடியது. அணையின் அடியிலிருந்து கசிந்த நீர் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளுக்குள் இறங்கியது. தண்ணீரைத் திறந்துவிட்டால் வாய்க்கால் வழியாக வயலுக்கு உப்பு வரும், திறக்காவிட்டால் கிணற்றுக்கு உப்பு வரும் என்ற நிலை. பாசனத்துக்காக அணை கேட்ட விவசாயிகளே இந்த அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று அரசிடம் மன்றாட வேண்டியதாயிற்று. நம் நாட்டில் பாசன வரலாற்றில் இதைப் போன்ற ஒரு கோரிக்கையைக் காண்பது அரிது.

உப்புத்தண்ணீர் ஒரு தோட்டத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு இந்தப் போராட்டத்தின் பிடிவாதம் புரியாது. முதலில் பாத்தியின் ஓரங்களில், தண்ணீர் வற்றிய இடத்தில், வெள்ளையாக மாவு தூவியது போல உப்புப் பூக்கும். அடுத்து மண்ணின் பொலபொலப்பு போய்விடும். நனைந்தால் குழைந்து பிசுபிசுக்கும், காய்ந்தால் ஓடு போல இறுகி வெடிக்கும். விதை முளைத்தாலும் நாற்றின் இலை நுனி கருகும். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது, ஏனெனில் வெளியே இருக்கும் உப்பின் இழுவை வேரின் இழுவையை மிஞ்சிவிடும். நெல்லும் மஞ்சளும் வாழையும் முதலில் போகும். உப்பைத் தாங்கக் கூடிய தென்னை சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும், அதன் பிறகு மட்டை தொங்கிக் காய் சிறுத்துவிடும். ஒரு நல்ல மழையில் இந்த உப்பு கழுவிப் போய்விடும் என்று நினைப்பதற்கும் இல்லை. சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டால் ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சி, வடிகால் அமைத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்தால்தான் மண் திரும்பும். அந்த நல்ல தண்ணீருக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

இந்த நிலையில்தான் கடைமடைக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கரூர் வட்டத்து நொய்யல் வாய்க்கால் விவசாயிகளின் சங்கம் 1996இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள், பாலாற்றுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை எடுத்துக்காட்டிய அந்தத் தீர்ப்பை நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும், கேடு வரும் என்ற அச்சம் இருக்கும்போது அறிவியல் முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கேடு விளையாது என்பதைத் தொழில் நடத்துகிறவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற மூன்று கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியே என்று அது அறிவித்தது. இழப்பைக் கணக்கிட்டு வசூலிக்கத் தனி ஆணையம் ஒன்றை அமைக்கச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு அமைக்கவும் வழிவகுத்தது. பாலாற்றங்கரையில் ஒரு சிறிய மன்றம் தொடுத்த வழக்கு நொய்யல் கரைக்காரர்களுக்குப் படைக்கலம் ஆன விதம் இது. இன்று நாடு முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, வேலூர்க்காரர்கள் தங்கள் கிணற்றுக்காகக் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுக்காரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்குதான் இந்தக் கதையின் நடுநாயகம். இப்படிப்பட்ட வழக்கை நடத்துவது என்ன வேலை என்பதை யாரும் விரிவாக எழுதுவதில்லை, ஆகவே சொல்கிறேன். பாதிக்கப்பட்ட நிலங்களைப் புல எண் வாரியாகத் தொகுக்க வேண்டும். எந்த வாய்க்காலில் எந்த மாதம் என்ன தண்ணீர் வந்தது என்பதைப் பதிந்து வைக்க வேண்டும். வாரியம் எடுத்த மாதிரிகளின் முடிவுகளைக் கேட்டு வாங்கி, முந்தைய ஆண்டின் முடிவுகளோடு ஒப்பிட வேண்டும். நிபுணர் குழு ஆய்வுக்கு வரும் நாளில் கூடவே நின்று, எந்தக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு விசாரணைக்கும் சென்னைக்கு ஆள் போய்வர வேண்டும். அதற்கான செலவைச் சாகுபடி நின்றுபோன குடும்பங்களிடமிருந்தே திரட்ட வேண்டும். "வழக்குப் போட்டு என்ன கண்டோம்" என்று சொந்த ஊரிலேயே கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எதிரே நிற்பது அந்நியச் செலாவணி ஈட்டும் தொழில், இலட்சக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுக்கும் தொழில் என்பதால், அரசின் இரக்கம் இயல்பாக எந்தப் பக்கம் சாயும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் இழப்பை மதிப்பிடும் ஆணையம் 2004 இறுதியில், நொய்யலால் பாதிக்கப்பட்ட 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. தொகையைக் கேட்டால் பெரிதாகத் தெரியும். ஆளுக்குப் பங்கிட்டுப் பார்த்தால் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. கிணறும் மண்ணும் கெட்டுப்போன ஒரு குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு?

2006 டிசம்பர் 22ஆம் நாள் உயர் நீதிமன்றம் ஒரு கடுமையான ஆணையைப் பிறப்பித்தது. பட்டறைகள் குறித்த காலத்துக்குள் கழிவை ஒரு துளியும் ஆற்றில் விடாத நிலையை அடைய வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை படிப்படியாக உயரும் தொகையைக் கட்ட வேண்டும். நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறை 6 பைசா கணக்கில் தினமும் ஆறாயிரம் ரூபாயும், 10 பைசா கணக்கில் பத்தாயிரம் ரூபாயும் கட்ட வேண்டிவரும். கழிவை ஆற்றில் விடுவதற்கு விலையே இல்லை என்று இருந்த இடத்தில் முதன்முறையாக ஒரு விலை வைக்கப்பட்டது. இந்த ஆணையின் கூர்மை அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 2009 அக்டோபர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு மூன்று மாத அவகாசம் மட்டும் கொடுத்து, மாசுக்கு அவர்களே பொறுப்பு என்பதை உறுதி செய்தது.

மூன்று மாதம் கடந்தது, ஓராண்டும் கடந்தது, ஆறு அப்படியே ஓடியது. பலர் இந்தக் கட்டத்தில்தான் சோர்ந்து போயிருப்பார்கள்: உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது, இனி நாம் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று. சங்கத்துக்காரர்கள் சோராமல் நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு மீண்டும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28ஆம் நாள் தலைமை நீதிபதி எம்.ஒய். இக்பால், நீதிபதி டி.எஸ். சிவஞானம் ஆகியோர் அடங்கிய அமர்வு திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. முதல் வழக்கிலிருந்து எண்ணினால் பதினைந்து ஆண்டுகள்.

மூடியதால் ஏற்பட்ட வலியை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. சாயப்பட்டறையில் வேலை செய்தவர்கள் கூலியாட்கள். எந்த முடிவிலும் அவர்களைக் கேட்டுச் செய்தது எதுவும் இல்லை. பட்டறைகள் மூடப்பட்டதும் பலர் வேலையிழந்தார்கள், ஊரைவிட்டுப் போனார்கள். சிறு பட்டறைகள் பல மீண்டும் திறக்கவே இல்லை. பின்னர் மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. தொழில்நுட்பத்தை மாற்றிக்கொண்ட நிலையங்கள் ஒவ்வொன்றாக அனுமதி பெற்றன. இப்போதைய முறையில் கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்களால் செரிக்கப்பட்டு, பிறகு உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுகளின் வழியாகச் செலுத்தப்படுகிறது. பெரும்பகுதி நல்ல நீராகப் பிரிந்து மறுபடி பட்டறைக்கே போகிறது. எஞ்சிய உப்புக்கரைசலில் ஒரு பகுதியைச் சாயத்தொட்டியிலேயே மறுபயன்பாடு செய்து, மிச்சத்தைக் கொதிகலன்களில் ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். 2003இல் நடக்கவே நடக்காது, தொழில் அழிந்துவிடும் என்று வாதிடப்பட்டது இதுதான். இன்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் கழிவை வெளியேற்றாத ஊர் என்று வெளிநாட்டு வாங்குபவர்களிடம் இதையே தங்கள் சிறப்பாக எடுத்துச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் கரூர் ஆயக்கட்டுக்காரர்களுக்கும் பங்குண்டு என்பதை யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆறு மீண்டுவிட்டதா என்று கேட்டால், உப்பின் கொடுமை பெருமளவு தணிந்தது என்பதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். திருப்பூரில் கட்டுப்பாடு இறுகியபோது சாயத்தொழிலின் ஒரு பகுதி அனுமதியில்லாத பட்டறைகளாக ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களின் காவிரிக் கரையோர ஊர்களுக்கு நகர்ந்தது. ஓர் ஆற்றுக்குக் கிடைத்த தீர்ப்பு இன்னோர் ஆற்றுக்குச் சுமையாகிவிடக் கூடிய ஆபத்து இது. மழை பெய்யும் இரவில் வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்துவிடுவதாகப் புகார்கள் இன்றும் எழுகின்றன. ஆவியாக்கிப் பிரித்த கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கும் நல்ல விடை இல்லை; நிலையங்களின் கிடங்குகளில் அது குவிந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடை நொய்யலில் கலந்துகொண்டேயிருக்கிறது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டிருந்தாலும், வீடுகளிலிருந்து பாதாளச் சாக்கடை இணைப்பு முழுமையாகாமல் நிலையத்தை மட்டும் கட்டி என்ன பயன்? ஆலைக்கழிவுக்கு ஒரு முதலாளியைக் கைகாட்டலாம். சாக்கடைக்கு நம் ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் கைகாட்ட வேண்டியிருப்பதால்தான் அதற்காக யாரும் பதினைந்து ஆண்டு வழக்காட முன்வருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மேல்பகுதியில் வேறு வகையான காவலர்கள் இருக்கிறார்கள். 2003இல் கோவையில் தொடங்கப்பட்ட சிறுதுளி அமைப்பு, குளங்களைத் தூர்வாருவதிலும் வாய்க்கால்களைத் திறந்துவிடுவதிலும் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவதிலும் ஈடுபட்டிருக்கிறது. கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் குளக்கரைகளையும் நீர்வழிகளையும் தங்கள் கைகளாலேயே துப்புரவு செய்கிறார்கள். குப்பை பொறுக்கினால் ஆறு பிழைத்துவிடுமா என்று கேட்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. குளம் நிரம்பினால் கிணறு ஊறும், ஆற்றில் கோடையிலும் கொஞ்சம் கசிவு இருக்கும், கழிவின் அடர்த்தி அந்த அளவுக்குக் குறையும். அதோடு, வாரம் தவறாமல் கரைக்குப் போகிறவர்கள்தான் புதிதாக முளைத்த குழாயை, நிறம் மாறிய நீரை, மண் கொட்டி மூடப்பட்ட வாய்க்காலை முதலில் பார்க்கிறார்கள். பஞ்சாபில் காலி பேயி என்ற 160 கிலோமீட்டர் ஓடையை, பல்பீர் சிங் சீச்சேவால் 2000இல் தொடங்கி, கூலியில்லாத் தொண்டான கரசேவையாகத் திரண்ட மக்களைக் கொண்டு ஆகாயத்தாமரையை அகற்றியும் சாக்கடையைத் திருப்பியும் மீட்டெடுத்தார். குரு நானக் நீராடிய நீர் என்ற பக்தி அங்கே ஆட்களைக் கூட்டியது. ஆனால் நொய்யலின் உப்பை எத்தனை ஆயிரம் கைகள் சேர்ந்தாலும் அள்ளி எடுக்க முடியாது. அதைப் பட்டறையின் வாசலிலேயே நிறுத்த வேண்டும், அதற்குச் சட்டம்தான் வழி. உங்கள் ஆற்றின் நோய் எது என்று தெரிந்துகொண்ட பிறகே மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆகவே முதல் வேலை, கழிவின் தன்மையை அறிவது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மானி ஒன்றை வாங்கி, ஆற்றில் கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, அருகிலுள்ள கிணறுகளில் சில என்று இடங்களை நிலையாகக் குறித்துக்கொண்டு, ஒரே நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், மழை பெய்ததா இல்லையா என்பதோடு அளவை எழுதி வாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை. இந்த எண்கள் தெரிந்தால் உங்கள் அளவீட்டின் பொருள் விளங்கும். இந்தக் கருவி உப்பை மட்டுமே காட்டும், குரோமியத்தையோ சாக்கடைக் கிருமியையோ காட்டாது என்பதால், மீன் செத்து மிதப்பது, நுரை, துர்நாற்றம், மாடு தண்ணீர் குடிக்க மறுப்பது ஆகியவற்றையும் எழுத வேண்டும். ஒரு நாள் அளவீட்டை யாரும் மறுத்துவிடலாம். இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் தொடர்ந்து எழுதிய பதிவை மறுப்பது கடினம்.

அடுத்து, நீங்கள் பாட்டிலில் பிடித்துப் போகும் தண்ணீர் தண்டனை வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளப்படாது என்பதை அறிந்துகொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வாரிய அலுவலர் முன்னறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு அனுப்பும் முறையை வகுத்திருக்கிறது. அந்த முறையில் மாதிரி எடுக்க வைப்பதுதான் உங்கள் மனுவின் நோக்கமாக இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி, அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமக்களே நேரடியாகக் குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிடலாம். அப்படிக் கேட்பவருக்குத் தன்னிடமுள்ள தொடர்புடைய அறிக்கைகளை வாரியம் கொடுக்க வேண்டும். ஆலை இயங்க வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணை, அதிலுள்ள நிபந்தனைகள், கடைசியாக நடந்த ஆய்வின் முடிவு ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் கேட்டு வாங்கலாம். நிபந்தனை என்ன என்று தெரியாமல் மீறல் என்று புகார் எழுதினால் அந்தக் கடிதத்துக்கு எடை இருக்காது.

அன்று ஆயக்கட்டுக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இன்று உங்களுக்கு இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது. சங்கமாகச் சேர்ந்து போகலாம், தனியாளாகவும் போகலாம். ஆனால் கால வரம்பு கண்டிப்பானது: சுற்றுச்சூழல் தகராறு பற்றிய மனுவைக் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இழப்பீட்டு மனுவை ஐந்து ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் அறுபது நாள் கூடுதலாகக் கிடைக்கும். நோட்டுப் புத்தகத்தில் நாள் குறிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆலைத் தொழிலாளர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். இரவில் எந்த வால்வு திறக்கப்படுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும், மாசடைந்த கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். இராணிப்பேட்டையில் 2015 ஜனவரி இறுதியில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, அருகில் படுத்துறங்கிய தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்கும் கோரிக்கையோடு அந்த உயிர்களின் பாதுகாப்பும் சேர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டையும் பிரித்துப் பேசும்போதுதான் "ஆறா, வேலையா" என்று மிரட்டுவது எளிதாகிறது.

எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. பாலாற்று வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்தது. 2001இல் ஆணையம் 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 26.8 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. அந்தக் கணக்குக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் பெரியவர்களாகி, பாதிக்கப்பட்டவர்களில் பலர் இறந்தும் போன பின், 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்க வேண்டும், நடவடிக்கை பற்றிய அறிக்கைகளை நீதிமன்றத்துக்குத் தொடர்ந்து கொடுத்துவர வேண்டும் என்று அது ஆணையிட்டது. மனுவில் கையெழுத்திட்ட தலைமுறையோடு ஒரு வழக்கு நின்றுபோகாமல் இவ்வளவு தொலைவு வர வேண்டுமென்றால், ஆவணங்கள் அடுத்தவர் கைக்கு மாற வேண்டும். உங்கள் சங்கத்திலும் முதல் கூட்டத்திலேயே, முப்பது வயதுக்குக் குறைந்த இரண்டு பேரிடமாவது எல்லாக் கடிதங்களின் நகலும் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.